கனடா மாப்பிள்ளை, வன்னிப் பெண்: ஸ்பொன்சர் அலுவலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, கிட்ட ஒரு சின்ன டைப்பிங், போட்டோக்கொப்பிக் கடை என்னுடையது. கொப்பி அடிக்க வருகிற பிள்ளைகள் பைலைத் திறந்து வைத்துக்கொண்டு "அக்கா, ஒண்டு கேக்கட்டே" என்று தொடங்குவார்கள். பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மல்லாவி என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை காய்ந்துபோனதால் எழுதி வைக்கிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. என் தங்கச்சி இப்படித்தான் ஸ்காபரோ போனவள். போன பிறகு நடப்பதெல்லாம் அவளும் அவளைப் போன்றவர்களும் போனில் சொன்னவை. கேட்பவர்களில் பெரும்பாலானோர் கனடா என்பதால் பதிலும் கனடாவைப் பற்றியதுதான். மற்ற நாடு வரும் இடத்தில் பெயர் சொல்லியிருக்கிறேன்.

ஸ்பொன்சர் எண்டா என்னக்கா? கலியாணம் முடிச்சா விசா தன்பாட்டில வருமோ?

வராது. கணவன் விண்ணப்பித்து, அந்த நாடு உங்களை ஏற்க வேண்டும். கனடாவில் அப்படி விண்ணப்பிக்க அவர் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ, அதாவது பி.ஆர்., வைத்திருக்க வேண்டும். அகதி வழக்கு முடியாமல் இருப்பவரும் வேலை விசாவில் நிற்பவரும் ஸ்பொன்சர் செய்ய முடியாது. அவரே முந்தி ஒரு மனைவியின் ஸ்பொன்சரில் போனவர் என்றால், பி.ஆர். கிடைத்து 5 வருடம் ஆக வேண்டும்.

ஸ்பொன்சர் செய்பவர் ஒரு பொறுப்புக் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறார். நீங்கள் பி.ஆர். ஆகும் நாளிலிருந்து 3 வருடம் உங்கள் சாப்பாடு, இருப்பிடம் எல்லாம் அவர் பொறுப்பு. அதற்குள் நீங்கள் அரசாங்க உதவிப்பணம் எடுத்தால் அதை அவர் திருப்பிக் கட்ட வேண்டும்.

எங்கள் வீடுகளில் மாப்பிள்ளையின் சம்பளம் கேட்பார்கள், சொந்த வீடா வாடகை வீடா என்று கேட்பார்கள். "தம்பி, உங்களிட்ட என்ன அட்டை இருக்கு?" என்று மட்டும் கேட்க மாட்டார்கள். முதலில் அதைக் கேளுங்கள்.

அவருக்குச் சம்பளம் எவ்வளவு இருக்க வேணும்? எனக்கு இங்கிலிஸ் சோதனை இருக்கோ?

கனடாவில் மனைவியை மட்டும் எடுக்க இவ்வளவு வருமானம் என்று ஒரு எல்லை வழக்கமாக இல்லை. ஆனால் அவர் உதவிப்பணத்தில் இருக்கக்கூடாது. இயலாமைக்காக எடுக்கும் பணம் என்றால் பரவாயில்லை. மொழிச் சோதனையும் இல்லை.

லண்டன் வேறு கதை. 2024 ஏப்ரலில் இருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஸ்பொன்சரின் வருட வருமானம் 29,000 பவுண் இருக்க வேண்டும்; அதற்கு முதல் 18,600 தான். உங்களுக்கு ஏ1, அதாவது ஆரம்ப நிலை, ஆங்கிலமும் காசநோய்ச் சோதனையும் வேண்டும். ஜெர்மனிக்கு ஏ1 ஜெர்மன், அதைக் கொழும்பில் கோதே நிறுவனத்தில் எழுதலாம். நோர்வேயில் இரண்டு பேருக்கும் 24 வயது ஆகியிருக்க வேண்டும். 20 வயதுப் பிள்ளைக்கு நோர்வே மாப்பிள்ளை பார்க்கும் பெற்றோர் இதை யோசிப்பதில்லை.

எழுத்து மட்டும் இப்ப எழுதி, விசா வந்தாப் பிறகு தாலி கட்டலாமோ?

சட்டம் பார்ப்பது எழுத்தைத்தான். விவாகப் பதிவாளர் முன் பதிந்து, விவாக அத்தாட்சிப் பத்திரம் எடுத்துவிட்டால் நீங்கள் கணவன் மனைவி. அதனால்தான் "எழுத்து மட்டும்தானே" என்று சொல்வதை நான் விரும்புவதில்லை. அதை நிச்சயதார்த்தம் போல நினைக்கிறார்கள். குழம்பினால் மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி இல்லை, மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து எடுக்க வேண்டும். மாப்பிள்ளை போன் எடுக்காமல் விட்ட பிறகு, அந்த வழக்குக்காக நாலு வருடம் அலைந்த பிள்ளை ஒன்றை எனக்குத் தெரியும்.

பைல் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. எழுதியதோடு அவர் விமானம் ஏறிவிட்டால், இது உண்மையான குடும்பமா என்ற சந்தேகம் அதிகாரிக்கு வரத்தான் செய்யும். என் அபிப்பிராயம், ஒரே பயணத்தில் எழுத்தும் தாலியும் முடித்து, சில கிழமையாவது ஒரே வீட்டில் இருங்கள். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று படிவத்தில் எழுதுங்கள்.

போனில, வீடியோவில எழுதினா என்ன?

கனடாவுக்குச் செல்லாது. 2015 ஜூன் 11க்குப் பிறகு, இருவரும் ஒரே இடத்தில் நேரில் நின்று செய்யாத கலியாணத்தை அவர்கள் ஸ்பொன்சருக்கு ஏற்பதில்லை.

மாப்பிள்ளை இஞ்ச வரமாட்டாராம், இந்தியாவுக்கு வரச் சொல்லுறார். ஏதும் ஒளிக்கிறாரோ?

ஒளிக்கிறார் என்று உடனே முடிவெடுக்க வேண்டாம். அகதியாக ஏற்கப்பட்டு பி.ஆர். எடுத்தவர், குடியுரிமை எடுக்க முன் இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்தாலோ இலங்கைக்கு வந்து போனாலோ, "உனக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை" என்று கனடா அகதி நிலையை முடிவுக்குக் கொண்டுவரலாம். 2012 கடைசியில் இருந்து, அப்படி முடித்தால் பி.ஆரும் சேர்ந்து போகும். பயப்பட நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் ஏற்கெனவே கனடாக் குடிமகன் என்றால் இந்தக் காரணம் பொருந்தாது; அப்போது திரும்பக் கேளுங்கள்.

இந்தியாவில் கோயிலில் தாலி கட்டிய ரசீது மட்டும் போதாது, பதிவு வேண்டும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவதென்றால் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் இருந்திருக்க வேண்டும். பிறகு அறிவித்தல் கொடுத்து இன்னும் 30 நாள். மாப்பிள்ளையின் மூன்று கிழமை லீவுக்குள் இது முடியாது. பெண் வீட்டார் முன்கூட்டியே போய் நிற்பதுதான் வழி.

பிறப்புப் பத்திரம் 2009 இல துலைஞ்சு போச்சு. என்ன செய்யிறது?

வன்னியில் இந்தக் கேள்வி இல்லாத கிழமை இல்லை. பயப்பட வேண்டாம், உங்களிடம் இருந்தது பிரதிதான். மூலப்பதிவு பதிவாளரின் புத்தகத்தில்.

ஒரு முறை விசுவமடுப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். மகளின் பிறப்புப் பத்திரத்தைக் காணி உறுதியோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டு புதுமாத்தளன் தண்ணீருக்குள்ளால் வந்தவராம். தாள் நான்காக மடிந்த இடத்தில் பிய்ந்து, மை கரைந்து, தகப்பன் பெயர் இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை. "இது இனி உதவாது என்ன பிள்ளை?" என்று கேட்டார். நான் மேல் மூலையைப் பார்த்தேன். பதிவு இலக்கமும் திகதியும் பிரிவின் பெயரும் வாசிக்கக்கூடியதாக இருந்தன. அது போதும். பிரதேச செயலகத்தில் அந்த இலக்கத்தைக் கொடுத்துப் புதிய பிரதி எடுத்தோம். பழையதை எறிய வேண்டாம் என்று சொன்னேன். அவர் எறிகிற ஆளும் இல்லை.

இலக்கமே தெரியாவிட்டால், பிறந்த இடத்தையும் ஏறத்தாழத் திகதியையும் போட்டுப் புத்தகத்தில் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பதிவே இல்லை என்று வந்தால் காலங்கடந்த பதிவு அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ் என்று வழி இருக்கிறது. அதற்குப் பள்ளிக்கூட அனுமதிப் பதிவு, ஞானஸ்நானப் பத்திரம், கிளினிக் அட்டை என்று கையில் கிடப்பதெல்லாம் உதவும். கடவுச்சீட்டுக்கு முதல் இதை முடியுங்கள். கடவுச்சீட்டுக்குக் கொழும்புதான் போக வேண்டும் என்றில்லை, வவுனியாவிலும் அலுவலகம் இருக்கிறது.

அடையாள அட்டையில ஒரு பேர், பிறப்புப் பத்திரத்தில ஒரு பேர். கணவன்ர பேருக்கு மாற வேணுமோ?

ஆங்கில எழுத்து ஒன்றிரண்டு கூடிக் குறைந்திருந்தால், இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து பைலில் வையுங்கள். பிறந்த திகதி மாறியிருந்தால் சத்தியக்கடதாசி போதாது, பதிவையே திருத்த வேண்டும். கணவன் பெயருக்கு மாறத் தேவையில்லை. கடவுச்சீட்டில் உள்ள பெயரே கடைசி வரை ஓடட்டும்.

பொலிஸ் கிளியரன்ஸ் இலங்கைக்கு மட்டும் காணுமோ?

கடந்த 10 வருடத்தில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். தமிழ்நாட்டு முகாமில் இருந்து திரும்பியவர்களும் குவைத், சவுதி என்று வேலைக்குப் போய் வந்தவர்களும் இதில்தான் மாட்டுப்படுவார்கள். அங்கிருந்து எடுக்க மாதக்கணக்காகலாம், முதல் வேலையாகத் தொடங்குங்கள். கைரேகையும் மெடிக்கலும் கனடா அறிவித்த பிறகு கொழும்பில் செய்வது. மெடிக்கல், அவர்கள் பட்டியலில் உள்ள வைத்தியரிடம் மட்டும்.

கலியாண அல்பம் முழுக்க வைக்கட்டே?

வேண்டாம். இருபதுக்கு மேல் கனடா கேட்பதில்லை. பிரச்சினை எண்ணிக்கையில் இல்லை, எது என்பதில்தான்.

அண்மையில் ஒரு தங்கச்சி இரண்டு பெரிய அல்பம் கொண்டு வந்தாள், ஒவ்வொன்றும் ஒரு செங்கல் பாரம். திறந்தால் முழுக்க அவள்தான். கூறையோடு கதவில் சாய்ந்தபடி, கண்ணாடிக்குள் பார்த்தபடி, பின்னால் சுவிஸ் மலை ஒட்டின படம் வேறு. மாப்பிள்ளை பாதிப் படத்தில் இல்லை, உறவுக்காரர் ஒருவரும் இல்லை. "போனில எடுத்தது ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன். அவளுடைய தம்பி எடுத்த படம் ஒன்று வந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா வாய் நிறையச் சோற்றோடு இருக்கிறார், பக்கத்தில் இவள் குனிந்து பாயாசம் விடுகிறாள், மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு நிற்கிறார். படம் கொஞ்சம் ஆடிப்போய் இருந்தது. அதைத்தான் முதலாவதாக வைத்தேன். பின்னால் பேனையால் ஆர் ஆர், எந்த இடம், எந்தத் திகதி என்று எழுதினோம்.

படம் தவிர, இரண்டு மூன்று மாதத்திற்கு ஒரு பக்கம் என்று வட்ஸ்அப் உரையாடல், அவர் காசு அனுப்பிய ரசீது, விமானச் சீட்டு, கலியாணக் கார்ட். சாதகப் பொருத்தம் எழுதிய தாள் இருந்தால் மொழிபெயர்த்து வையுங்கள், பேச்சுக்கால் எப்போது தொடங்கியது என்று அது காட்டும்.

புறோக்கர் கொண்டு வந்த சம்பந்தம், மூண்டு தரம்தான் நேரில கண்டனாங்கள். லவ் மெரிஜ் எண்டு சொன்னா நல்லமோ?

இல்லவே இல்லை. பேசிச் செய்கிற கலியாணம் எங்கள் வழமை என்பது விசா அதிகாரிக்குத் தெரியும். அவர் தேடுவது பொருத்தமில்லாத கதையை. "படிக்கும்போது காதலித்தோம்" என்று நீங்கள் எழுதினால், அவர் நாட்டை விட்டுப் போன வருடத்தில் உங்களுக்கு என்ன வயது என்று ஒரு நிமிடத்தில் கணக்குப் பார்ப்பார்கள். தரகர் வந்தது, மாமி வீட்டுக்கு வந்து பார்த்தது, எத்தனை மாதம் போனில் கதைத்தீர்கள், என்ன பிடித்தது என்று நடந்ததை எழுதுங்கள். இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னாலும் ஒரே கதையாக வரும், ஏனென்றால் அதுதான் நடந்தது.

இன்டர்வியூவில என்ன கேப்பினம்?

எல்லோரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால், அவருக்கு எத்தனை சகோதரம், என்ன வேலை, பகலா இரவா, வீட்டில் யார் யார், கலியாணத்தன்று யார் வந்தது என்ற மாதிரி. தமிழில் பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். பாடமாக்கிக்கொண்டு போகாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

என்ர முதல் அவர் 2009 இல காணாமல் போனவர். இப்ப ஒரு சம்பந்தம் வந்திருக்கு. எழுதலாமோ?

இதைக் கேட்பவர்கள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கேட்பார்கள். சட்டத்தின் கண்ணில் முதல் கலியாணம் இன்னும் இருக்கிறது. 2016இல் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த, காணாமல் போனவர் என்று தரும் சான்றிதழ், உதவிகளுக்கும் சொத்து அலுவலுக்கும் பயன்படும். அது கலியாணத்தை முடித்து வைக்காது. மறுமணத்திற்கு மரணச் சான்றிதழ் அல்லது நீதிமன்றத்தின் விவாகரத்துத் தீர்ப்பு வேண்டும். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராமல் இருப்பவர்களை நான் ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை. விவாகரத்து வழியில் அவர் இறந்துவிட்டார் என்று எங்கும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. சட்ட உதவி ஆணைக்குழுவில் கட்டணமில்லாமல் விசாரிக்கலாம்.

முந்தின கலியாணத்தில எனக்கு ஒரு பிள்ளை. இப்போதைக்குச் சொல்லாமல் போய், பிறகு எடுக்கலாமோ?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். விண்ணப்பத்தில் காட்டாமல், பரிசோதனைக்கு உட்படுத்தாமல் விட்ட பிள்ளையைப் பிறகு குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாது என்பதுதான் கனடாவின் பொது விதி. விதிவிலக்குகளை நம்பிப் பிள்ளையை விட்டுப் போக வேண்டாம். அம்மம்மாவோடு விட்டுப் போவதாக இருந்தாலும் பெயரைப் போட்டு, மெடிக்கலும் செய்துவிட்டுப் போங்கள். 22 வயதுக்குக் கீழ், கலியாணம் முடிக்காத பிள்ளை இதில் அடங்கும்.

மாமி வீட்டாருக்குத் தெரியாது என்றால் அதை விண்ணப்பம் போட முன் தீர்த்துக்கொள்ள வேண்டும். படிவத்தில் கணவனும் கையெழுத்து வைக்கிறார், எப்படியும் தெரியவரும்.

இயக்கத்தில இருந்தனான், புனர்வாழ்வும் முடிச்சனான். எழுத வேணுமோ?

எழுத வேண்டும். படிவம் நேராகவே கேட்கிறது. புலிகளைக் கனடா 2006இல் தடைப் பட்டியலில் சேர்த்தது. உறுப்பினராக இருந்தது அனுமதி மறுக்கக் காரணமாகலாம். அதே நேரம் எத்தனை வயதில், விரும்பியா பிடித்துக்கொண்டு போயா, என்ன வேலை, எவ்வளவு காலம் என்பதெல்லாம் கணக்கில் எடுபடும். வீட்டுக்கொருவர் என்று 16 வயதில் கொண்டுபோகப்பட்ட பிள்ளையின் கதையும் மற்றவரின் கதையும் ஒன்றில்லை. மறைத்துப் பிடிபட்டால் பொய்த் தகவலுக்காக 5 வருடத் தடை தனியாக வரும்.

ஆனால் இதை என்னைப் போன்ற டைப்பிங் கடையில் நிரப்ப வேண்டாம். கணவன் அங்கே ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைப் பிடிக்கட்டும். செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான்.

ஒரு ஏஜென்சி 15 லட்சம் குடுத்தா மூண்டு மாதத்தில எடுத்துத் தருமாம். உண்மையோ?

யாருக்கும் வரிசையைத் தாண்ட வழி இல்லை. அரசாங்கக் கட்டணம் ஏறத்தாழ 1,200 கனடா டொலர், அதற்கு மேலே கைரேகைக்கு 85. காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பம் போட உரிமை உள்ளவர்கள் கனடாச் சட்டத்தரணியும், அங்கு அனுமதி பெற்ற ஆலோசகரும், கியூபெக் நொத்தாரிசும்தான். பெயரையும் அனுமதி இலக்கத்தையும் கேட்டு வாங்கி, கணவனை இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இலக்கம் கேட்டவுடன் கோபப்படுகிற ஆள் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

எவ்வளவு நாள் எடுக்கும்? அதுக்குள்ள பிள்ளை பிறந்தா?

சிக்கல் இல்லாத பைலுக்கும் ஒரு வருடம், சிலவேளை அதற்கு மேலும் என்று மனதை ஆயத்தப்படுத்துங்கள். மொன்றியல் மாப்பிள்ளை என்றால் கியூபெக்கின் தனி அனுமதியும் வேண்டும், இன்னும் இழுபடும். பிள்ளை பிறந்தால் உடனே அறிவியுங்கள். தகப்பன் குடிமகன் என்றால் பிள்ளை பெரும்பாலும் பிறப்பிலேயே கனடாக் குடிமகன், பி.ஆர். என்றால் உங்கள் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று பிள்ளையை மறைக்கிற கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

போய் இறங்கினா முதல் மாதம் என்ன செய்யிறது?

சின் இலக்கம், அதாவது சமூகக் காப்புறுதி இலக்கம், எடுங்கள், அது இல்லாமல் வேலை இல்லை. ஒன்ராறியோ என்றால் சுகாதார அட்டைக்குப் பதியுங்கள். முன்பிருந்த 3 மாதக் காத்திருப்பு 2020இல் எடுபட்டுவிட்டது. உங்கள் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கு. "கூட்டுக் கணக்கு இருக்குத்தானே" என்பார்கள். இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்.

பிறகு ஆங்கில வகுப்பு. பி.ஆர். உள்ளவர்களுக்கு லிங்க் என்ற அரசாங்க மொழி வகுப்பு இலவசம், சில இடங்களில் பிள்ளை பார்க்கிற வசதியும் உண்டு. குடியுரிமை எடுத்தால் அந்த இலவசம் போய்விடும், ஆகவே பின்போட வேண்டாம். தங்கச்சி முதல் குளிர்காலம் முழுக்க வீட்டில் இருந்தாள். தமிழ்க் கடை, தமிழ்க் கோயில், தமிழ் டொக்டர், ஆங்கிலம் எதற்கு என்று. இரண்டாம் வருடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினபோது, காய்ச்சல் எத்தனை நாள் என்று சொல்ல வாய் வரவில்லையாம். அடுத்த கிழமை வகுப்பில் பதிந்தாள். ஒன்ராறியோவில் கார் லைசன்சின் எழுத்துச் சோதனையைத் தமிழிலேயே எழுதலாம், அது ஒரு ஆறுதல்.

அங்க எனக்கு ஆருமில்லை. அவர் அடிச்சா, விட்டுட்டா, திருப்பி அனுப்பிப் போடுவினமோ?

கனடாவில் பி.ஆராக இறங்கிய பிறகு கணவனால் அதைப் பறிக்க முடியாது. இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. அதை 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். "போன் பண்ணி உன்னை அனுப்பிப் போடுவன்" என்பது வெறும் வெருட்டு. முதல் கேள்வியில் சொன்ன 3 வருடப் பொறுப்பும் பிரிந்தாலும் விவாகரத்து எடுத்தாலும் அவரை விடாது. அந்தரம் என்றால் 911 என்ற அவசர இலக்கத்துக்கு அடியுங்கள். கலியாணமே போலி என்று நிரூபிக்கப்பட்டால் மட்டும் கதை வேறு.

மற்ற நாடுகளில் கொஞ்சம் இறுக்கம். ஜெர்மனியில் 3 வருடம் சேர்ந்து வாழ்ந்தால் தனி வதிவிட உரிமை, சுவிசில் 3 வருடத்தோடு அந்த நாட்டோடு இணைந்து வாழ்வதையும் பார்ப்பார்கள். இரண்டிலும் வன்முறை என்றால் அதற்கு முன்பும் வழி உண்டு. லண்டனில் துணைவர் விசாவில் உள்ளவர் வன்முறையால் பிரிந்தால் நிரந்தர வதிவிடத்திற்குத் தானே விண்ணப்பிக்கலாம்.

கடவுச்சீட்டு, பி.ஆர். அட்டை, விவாகப் பத்திரம் மூன்றும் உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். "பத்திரமா நான் வைக்கிறன் பிள்ளை" என்று மாமி கேட்டாலும், படம் எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டு, மூலத்தை நீங்களே வையுங்கள்.

சீதனமா தந்த காணி என்ர பேரில இருக்கு. நான் கனடாச் சிற்றிசன் எடுத்தா காணி போயிடுமோ?

பி.ஆர். எடுப்பதால் ஒன்றும் ஆகாது. குடியுரிமை எடுக்கும்போது இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போகும், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துத் தக்கவைத்தால் ஒழிய. ஏற்கெனவே உங்கள் பெயரில் உள்ள உறுதிக் காணி அதனால் பறிபோகாது. ஆனால் பிறகு புதிதாக வாங்கப் போனால், வெளிநாட்டவர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும். இரட்டைக் குடியுரிமை இருந்தால் வராது.

எங்கள் பக்கத்துச் சிக்கல் வேறு. இங்கே பாதிக் காணி குடியேற்றத் திட்டத்துப் பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அதை உறுதிக் காணி மாதிரிச் சீதனமாக எழுதிக் கொடுக்க முடியாது, பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். பராமரிக்காமல் விட்டாலும் கேள்வி வரும். ஆகவே விமானம் ஏற முன் பெட்டியைத் திறந்து, இருப்பது உறுதியா பெர்மிட்டா என்று பாருங்கள். பெர்மிட் என்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய், பின்னுரிமையாளராக யாரின் பெயர் பதிந்திருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் செத்துப்போன ஒரு தாத்தாவின் பெயர்தான் இன்னும் இருக்கும். அதை மாற்ற ஒரு நாள் போதாது, கலியாணச் சாமான் வாங்கப் போகிற கிழமையில் தொடங்காதீர்கள்.